குருவிச் சத்தத்துக்கு இரண்டு டிஸ்க்

“குருவி கத்துறதைக் கேக்க இவ்வளவு வேகம் எதுக்கு மேடம்?”

கம்ப்யூட்டரின் பக்க மூடியைக் கழற்றிக்கொண்டே டெக்னீஷியன் கேட்டார். மேசையில் இரண்டு புதிய எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகள் உறை பிரிக்காமல் கிடந்தன.

“ரெண்டையும் சேர்த்து ஒண்ணாக்கிடுங்க. ரெய்டு ஜீரோ.”

“யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க” என்றார் கணவர். ஷூவைக்கூடக் கழற்றாமல் சோஃபாவில் உட்கார்ந்திருந்தார். “இவளுக்கு மிக்ஸி ஜாரையே நேரா மாட்டத் தெரியாது.”

டெக்னீஷியன் சிரித்தார். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல் அவளுக்கு விளக்கினார்.

“இதுல ஒரு ஃபைலைப் போட்டா துண்டு துண்டா வெட்டிடும். ஒரு துண்டு இந்த டிஸ்க்குக்கு, அடுத்த துண்டு அந்த டிஸ்க்குக்கு. அதனாலதான் வேகம். ஆனா ஒண்ணு போச்சுன்னா மிச்சம் இருக்கிறது வெறும் தகரம். அதை வச்சு ஒரு குருவியைக்கூடக் கூப்பிட முடியாது.”

“தெரியும்.”

“எத்தனை வருஷத்து ரெக்கார்டிங்?”

“பதினொண்ணு.”

“பதினொரு வருஷமும் சேத்துல போய் நின்னா. கார் ஓட்டினது நான்” என்றார் கணவர். “லிஃப்ட்ல போடறதுக்கு ஒரு கம்பெனிக்காரன் மொத்தமாக் கேக்கறான். விக்க மாட்டாளாம். ‘என் பறவை லிஃப்ட்ல கத்தாது’ன்னு வசனம் வேற.”

“நீங்க கார்ல தூங்கினீங்க.”

“டிரைவர் வேற என்ன செய்வான்?”

அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு டம்ளர். டெக்னீஷியனிடம் கொடுத்தாள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எல்லாம் புதியவற்றுக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சோதிப்பதற்காக டெக்னீஷியன் ஒரு ஃபைலைத் திறந்தார். கூர்மையான ஒரு குரல் அறையை வெட்டிவிட்டுப் போனது.

“காக்காவா?” கணவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“மீன்கொத்தி.”

“எல்லாம் ஒண்ணுதான்.”

டெக்னீஷியன் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து நீட்டினார். “இதைப் பத்திரமா வச்சுக்குங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆனா இதான் கை கொடுக்கும்.”

“அழிச்சிடுங்க.”

“வேற எங்கயாவது காப்பி இருக்கா?”

“இல்லை.”

அவர் சோஃபாவின் பக்கம் திரும்பினார். “சார், நீங்களாவது சொல்லக் கூடாதா? எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன், தன் தலையில தானே மண்ணள்ளிப் போட்டுக்கிறவங்களை இப்பத்தான் பார்க்கிறேன்.”

“சொன்னதைச் செய்ங்க. அது அவ தலைவலி.”

டெக்னீஷியன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அதை மறுபடி மாட்டி அழித்தார். ஒருமுறை போதாது என்று அவள் சொன்னதால் இரண்டாம் முறையும் அழித்தார். கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

“இன்னும் எவ்வளவு நேரம்? எனக்கு வேற வேலை இல்லைன்னு நினைச்சியா?”

“முடிஞ்சிடுச்சு.”

அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள். திறந்திருந்த பெட்டிக்குள் கையை விட்டு, இரண்டு எஸ்.எஸ்.டி.க்களில் ஒன்றின் கேபிளை உருவி, அதை வெளியே எடுத்தாள்.

“மேடம், என்ன பண்றீங்க? ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான்...”

“தெரியும்னு முதல்லயே சொன்னேனே.”

அதைக் கணவரின் மடியில் வைத்தாள்.

“விவாகரத்துக் கேஸ்ல ரெக்கார்டிங் எல்லாத்துலயும் சரிபாதி கேட்டு வாங்கினீங்கல்ல, இந்தாங்க. ஒவ்வொரு பறவையிலயும் பாதி இருக்கு, ஒரு துண்டுகூடக் குறையாது.”