நாற்பத்தோராவது நோயாளி

வெள்ளவத்தை டொக்டரின் கிளினிக்கில் ஒரு நாளைக்கு நாற்பது நம்பர்தான் கொடுப்பார்கள். ஆனால் சுவரிலிருந்த திரை தினமும் நாற்பத்தொன்றையும் அழைத்தது.

"உள்ளுக்கு என்ன எழுதியிருக்கெண்டு பார்க்கவும் விடமாட்டாங்கள், தாங்களும் திருத்தமாட்டாங்கள்," என்று அந்தத் திரைக்கு மென்பொருளை விற்ற கம்பனியைத் திட்டித் தீர்த்தான், கிளினிக்கின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சாரங்கன். கடுப்பில் அதை அழித்துவிட்டு, யாரும் வாசிக்கக்கூடிய ஓபன் சோர்ஸ் மென்பொருளைப் போட்டான். ஒவ்வொரு வரியையும் வாசித்தான். நாற்பதோடு நிற்கும்படி தன் கையாலேயே எழுதினான்.

மறுநாள் மாலை நாற்பதாவது ஆள் மருந்துச் சீட்டோடு வெளியே வந்தார். காலியான கதிரைகளைப் பார்த்துத் திரை நாற்பத்தொன்றை அழைத்தது.

சாரங்கன் வயரைப் பிடுங்கினான்.

நம்பர் கொடுக்கும் லுத்பியா தலை நிமிரவில்லை. "இப்ப நிப்பாட்டி என்ன தம்பி, அவர் உள்ளுக்குப் போய்ட்டாரே."

மூடிய கதவுக்குப் பின்னால் டொக்டர், "மூச்சை இழுங்கோ, மூச்சை இழுங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.