மீனின் முகம்

உப்புக்குளத்து வளர்ப்புமீன் கடையில் தொட்டி விளக்கு மட்டும் எரிகிறது. கடையின் பெயர்ப்பலகைக்காகப் படமெடுக்க வந்த செபஸ்தியாம்பிள்ளை, எதிரொளி விழாமல் கமராவைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடிக்கிறார். குமிழிகள் கொப்பளிக்கின்றன. தங்கமீன் வாலையே காட்டுகிறது. அழுத்துகிறார்; படம் கலங்கல். மறுபடியும் கலங்கல். திடீரென்று அது திரும்பி நிற்க, கண்ணின் கறுப்பு வரை துல்லியமாகப் படத்தில் விழுகிறது. “என்ர கெட்டித்தனம் இல்லை, அருளம்மா. அதிர்ஷ்டம்,” என்கிறார், போராட்டத்திலிருந்து நேரே தன்னோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம். அவள் மடியில், காணாமல்போனோருக்கான போராட்டங்களில் ஏந்தி ஏந்தி ஓரம் சுருண்ட மகனின் படம். இடம்பெயர்வில் மிஞ்சியது இது ஒன்றுதான், அவர் எடுத்ததுதான். அழுத்திய கணத்தில் மகன் தலையைத் திருப்பியதால் முகம் கலங்கியிருக்கிறது. கமராத் திரையையும் அதையும் அவள் மாறி மாறிப் பார்க்கிறாள். “இஞ்சருங்கோ, இந்த மீன் துலைஞ்சால் ஆரும் அடையாளம் காட்டுவினம்.”