முருகன் படம் இருந்த இடம்

குடிவந்த அன்று, காலி செய்துகொண்டுபோன அம்மாள் சொன்னாள்: "ஹால்ல இருக்குற முருகன் படத்த மட்டும் எடுக்காதீங்க. வீட்டுக்கு ராசி." தமயந்தியும் ஏழு மாதம் அதற்குப் பூ வைத்தாள். மகளுக்கு இளைப்பு வந்து, வீட்டுச் சுவரில் பூஞ்சை இருக்கிறதா என்று டாக்டர் கேட்ட பிறகுதான் அதைக் கழற்றினாள். பின்னால், படத்தின் அளவுக்கே சுவர் கறுப்பாய்ப் பூத்திருந்தது. சுரண்டினாள், பினாயில் ஊற்றினாள், வெள்ளையடித்தாள். பத்தே நாளில் திரும்ப வந்தது. காலி செய்கிறேன் என்று அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டதற்கு, "வேற ஆளப் பிடிச்சு விட்டுட்டுக் கிளம்பும்மா" என்றார் வீட்டுக்காரர்.

இன்று ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். படம் மறுபடி ஆணியில் தொங்கியது, புது மல்லிகையோடு.

"அத மட்டும் எடுக்காதீங்கம்மா. ராசி" என்றாள் தமயந்தி.

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்கக்கா. போறப்ப நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க." அந்தப் பெண் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, படத்துக்கு மேலே உத்தரத்தில் இருந்த கொக்கியைப் பார்த்தாள். "தொட்டில இங்கயே கட்டிக்கலாம். காத்து வருமாக்கா?"

உள்ளறையில் மகள் இருமினாள். தமயந்தி பூவைச் சரிசெய்கிறவள்போலச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.