கணுக்கால் சுளுக்கு

ஹெல்யூவுக்கு வலது கணுக்காலில் சுளுக்கு என்று பத்திரிகையில் வந்திருந்தது. உண்மையில் காலுக்கு ஒன்றுமில்லை. லண்டன் டென்னிஸ் போட்டிக்குப் பெட்டி கட்டி முடித்த பிறகு, வெளிநாடு போக அனுமதி இல்லை என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அவள் அக்கா போர்க்காலத்தில் படகேறி சுவீடனுக்கு ஓடிப்போனவள்; தங்கையும் திரும்பி வரமாட்டாள் என்று அவர்களுக்குப் பயம். சோவியத் நாடு முழுக்க ஜெயித்த ஹெல்யூ இப்போது தாலின் நகரத் தெருக்களில் நொண்டிக்கொண்டு நடந்தாள். பத்திரிகையைப் பொய்யாக்கக் கூடாது அல்லவா? சில நாட்களில் கால் தானாகவே இழுக்கத் தொடங்கியது.

லண்டன் இறுதி ஆட்டத்தன்று ஜன்னலைச் சாத்திவிட்டு, கடலுக்கு அப்பாலிருந்து வரும் பின்லாந்து டிவியைச் சத்தமில்லாமல் வைத்தாள். அந்தப் புல்தரையை அவள் ஒருநாளும் மிதித்ததில்லை. டிவியில் புல் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. பச்சையை அவளே நினைத்துக்கொண்டாள். வலது ஓரத்தில் ஒரு பந்து தாழ்வாக வந்தது. ஹெல்யூ பாய்ந்தாள். கீழ்வீட்டுக் கூரை அதிர, அறையின் மறுகோடியில் போய் நின்றாள். திரையில் ஆடியவளோ நின்ற இடத்திலிருந்தே பந்தைப் போகவிட்டாள்.

மறுநாள் ரொட்டிக் கடை வரிசையில், கீழ்வீட்டு சல்மே அவள் கையைப் பிடித்து முன்னால் அழைத்துப் போனாள். "கால் வலியோட எவ்வளவு நேரம் நிப்பீங்க?" எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். ஹெல்யூ நொண்டினாள்.

சல்மே அவள் காதருகே குனிந்தாள். "நேத்து வலது ஓரத்துல வந்த அந்தப் பந்து... நீங்களா இருந்தா எடுத்திருப்பீங்க."

"எடுத்துட்டேன்" என்றாள் ஹெல்யூ.