ஐம்பதாம் நிலை

இன்னும் நாற்பது கல்.

நாற்காலியில் ஓர் ஆசிரியை தலை முழுக்கச் சாயத்தோடு காத்திருக்க, பார்லர்க்காரி மேசைக்குப் பின்னால் குனிந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தட்டுக்கு ஒரு கல் உடையும். விளையாட்டே அவ்வளவுதான். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

"ஏம்மா, தலை லேசா எரியுதே?"

"ரெண்டே நிமிஷம் மேடம்" என்றாள், தலை நிமிராமல்.

போன மாதமும் இதே இரண்டு நிமிஷத்தில்தான் ஒருத்திக்குச் செம்பு நிறம் கேரட் நிறமாகிப் போனது. அவள் அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

நான்கு மாதத்துக்கு முன் மகளின் போனிலிருந்து இதே விளையாட்டை அழித்தவளும் இவள்தான். பரீட்சையில் மார்க் குறைந்த கோபம். போனைப் பிடுங்கினாள், அழித்தாள், வெறும் விளையாட்டுதானே என்றாள். மகள் மூன்று வருஷமாகத் தோண்டிய சுரங்கம் ஒரு நொடியில் காணாமல் போனது.

மகள் கத்தவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். அம்மாவின் நம்பரைத் தடுத்து வைத்தாள். சாப்பாட்டுத் தட்டை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுரங்கத்தை மட்டும் மறுபடி முதல் கல்லிலிருந்து தோண்ட ஆரம்பித்தாள்.

அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கவே இவளும் தன் போனில் இறக்கிக்கொண்டாள். மகளுக்குத் தெரியாமல்.

முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் வாரம் குளியலறைக்குள்ளும் போன் போனது.

நாளெல்லாம் நின்று வெட்டிய முடி, அடுத்த மாதம் வளர்ந்து வந்து அதே நாற்காலியில் உட்காரும். சாயங்காலம் தரையைப் பெருக்கித் தள்ளினால் அன்றைய உழைப்புக்கு ஓர் அடையாளம் இருக்காது. இங்கே தோண்டியது தோண்டியதாகவே இருந்தது. எண் ஏறியதே தவிர இறங்கவில்லை. அது அவளுக்குப் பிடித்துப்போனது. கட்டைவிரல் வீங்கிக் கத்தரி பிடிக்க முடியாமல் போன நாளிலும் இடது கையால் தட்டினாள்.

இருபதாம் நிலையில் ஒருநாள் போன் பொட்டென்று அணைந்தது. எல்லாம் அழிந்துவிட்டதோ என்று பதறிப்போனாள். சார்ஜ் ஏறித் திரை வெளிச்சமாகும்வரை உயிர் கையில் இல்லை. மகளுக்குத் தான் என்ன செய்தோம் என்பது அந்த அரைமணி நேரத்தில்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

ஐம்பதாம் நிலைக்கு வந்தால் தபால் பெட்டி திறக்குமாம். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாமாம். மகளுக்கு ஒரு வரி எழுத வேண்டும், மன்னிச்சுக்கோ என்று. அதைப் படித்துவிட்டு அவள் கதவைத் திறப்பாளா என்பதுதான் தெரியவில்லை.

மூன்று. இரண்டு. ஒன்று.

பெட்டி திறந்தது. இவள் எழுதுவதற்கு முன்பே உள்ளே ஒரு கடிதம் கிடந்தது.

"அம்மா, பேர் கேட்டா கடைப் பேரும் போன் நம்பருமா போடுவாங்க? எல்லாருக்கும் தெரியுது, மொதல்ல மாத்து. அப்புறம், வேலையாள் பட்டனை அழுத்தினா அது தானா தோண்டும். நீ கையால தட்டாதே, விரல் வலிக்கும்."

அந்தப் பட்டனை அவள் தினமும் பார்த்தவள்தான். கடைக்கே ஆள் வைக்காதவள் சுரங்கத்துக்கா வைப்பாள்?

ஓடிப்போய் ஆசிரியையின் தலையைக் கழுவினாள். நிறம் தப்பித்திருந்தது. துவாலையைச் சுற்றிவிட்டு, ஈரக் கையோடு வந்து கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள். அப்போதுதான் மேலே இருந்த தேதி கண்ணில் பட்டது.

இவள் தோண்டத் தொடங்கிய மூன்றாம் நாள்.