இருபத்தைந்து வயது ஜெபராணி

எந்தக் காலத்து வீராங்கனை சிறந்தவர் என்று இப்போது யாரும் வாயால் சண்டை போடுவதில்லை. பழையவர்களின் ஆட்டத்தை இயந்திர உடலில் ஏற்றி, இன்றைய கூடைப்பந்து லீக்கில் மோதவிட்டுவிடுகிறார்கள்.

இன்று ஷெர்லினுக்கு எதிராக அவள் அம்மா ஜெபராணி இருபத்தைந்து வயதில் ஆடிய ஆட்டம், இயந்திர உடலில். ஷெர்லினை இடித்துக் கீழே தள்ளிய அந்த இயந்திரம் திரும்பிப் பாராமல் ஓடியது.

கேலரியில் இருந்த நிஜ ஜெபராணி, முழங்கால் வலியோடு ஆடுகளத்துக்குள் இறங்கி வந்தாள். நடுவர் விசில் ஊதினார். அவள் பொருட்படுத்தாமல் மகளிடம் கை நீட்டினாள்.

"இடிச்சது நான்னா, தூக்கிவிடுறதும் நான்தான். ஆடுன காலமெல்லாம் அப்படித்தான்."

ஷெர்லின் அந்தக் கையைப் பிடித்து எழுந்தாள்.

"சரிம்மா, நீ போய் உக்காரு. உன்னை நான் ஜெயிக்கணும்."