நீக்கச் சொன்ன வரி

“முதல்ல அந்த ‘ஆனா’வை எடுங்க” என்றாள் மனைவி, துவைத்த துணிகளை மடித்தபடி.

நிலைக்கண்ணாடி முன் நின்றிருந்த சபைச் செயலாளர் திரும்பினார். “எந்த ‘ஆனா’?”

“‘நான் கோபப்பட்டது தப்புதான், ஆனா நீ’ன்னு ஆரம்பிச்சீங்களே, அது. தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறீங்களா, மறுபடியும் சண்டைக்குப் போறீங்களா?”

நாளைய ஆராதனையில் அவர்தான் செய்தி கொடுக்க வேண்டும். தலைப்பு, ‘தூய இருதயமும் மெய்யான மகிழ்ச்சியும்’. அவரே கேட்டு வாங்கிய தலைப்பு. போதகர் சிரித்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். “மேடை ஏறுறதுக்கு முன்னாடி, உங்க தம்பி வீட்டுப் படி ஏறிட்டு வந்துடுங்க ஐயா.”

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளாமல் வருஷங்கள் ஓடிவிட்டன. காரணம் சொத்தல்ல, ஒரு ஆமென்.

தன் மகளின் நிச்சயதார்த்த விருந்தில் செயலாளர் ஜெபம் செய்தார். உலகம் படைக்கப்பட்டதில் தொடங்கி, தீர்க்கதரிசிகளைக் கடந்து, அப்போதுதான் அப்போஸ்தலர்களிடம் வந்து சேர்ந்திருந்தார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க அவர் நிறுத்திய இடத்தில் தம்பி கணீரென்று “ஆமென்” என்றான். கூடம் மொத்தமும் நன்றியோடு “ஆமென்” சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டது. தம்பிக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. “நடுவுல மாட்டிக்கிட்டவங்களை வெளியே எடுக்கிறதுதானேண்ணே என் தொழில்” என்று வேறு சொல்லிவைத்தான். சம்பந்தி வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“இனிமே என் வாசப்படி மிதிக்காதே!” அதுதான் அண்ணன் தம்பியிடம் கடைசியாகப் பேசியது.

“சரி, இப்போ கேளு.” செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அன்புத் தம்பி, மேற்படி சம்பவத்தில் என் தரப்பிலும் சில குறைபாடுகள் நேர்ந்திருக்கக்கூடும் என்பதை...”

“ரிட்டயர் ஆகியும் மெமோ குடுக்கிறதை விடலையே நீங்க!”

“அப்போ நீயே சொல்லிக்குடு.”

“‘டேய், தப்புப் பண்ணிட்டேன்டா, மன்னிச்சிடு.’ அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா? ஒரு முன்னுரை வேண்டாமா?”

“முன்னுரை நீண்டுதானே இவ்வளவும் வந்தது.”

செயலாளருக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளாமல் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

“டேய், தப்புப் பண்ணிட்டேன்டா. அத்தனை பேர் முன்னாடி உன்னை விரட்டியிருக்கக் கூடாது. மன்னிச்சிடு. ஆனா, எனக்கு இருதய ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தியாடா நீ?”

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. “அதைக் கேக்காதீங்க.”

“ஏன் கேக்கக் கூடாது? பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா மருமகன் வரைக்கும் வந்துட்டுப் போனாங்க. என் கூடப் பிறந்தவன் வரலை. நெஞ்சைப் பிளந்து தைச்சது கூட எனக்கு வலிக்கலை, தெரியுமா? யாராவது உள்ளே வரும்போதெல்லாம் அவன்தானோன்னு தலையைத் தூக்கிப் பார்ப்பேன் பாரு, அதுதான் வலிச்சது.”

அவள் குனிந்தபடியே சொன்னாள். “மனசுல இதை வெச்சுக்கிட்டு நாளைக்குத் தூய இருதயத்தைப் பத்திப் பேசுவீங்களா? வேண்டாங்க. அந்த ஒரு வரியை எடுத்துடுங்க.”

“அது ஒண்ணுதான்டீ என் பக்க நியாயம்! அதையும் எடுத்துட்டா என்கிட்ட என்ன இருக்கு?”

“எனக்காக எடுத்துடுங்க.”

மனைவி தனக்காக என்று எதையும் கேட்டு அவருக்கு நினைவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“நீ சொல்றதும் சரிதான். வாசப்படி மிதிக்காதேன்னு விரட்டிட்டேன். அப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வருவான், பாவம்? நான்தான் ஆள் விட்டாவது கூப்பிட்டிருக்கணும்.”

எழுந்து நின்றார். இந்த முறை கண்ணாடியைப் பார்க்கவில்லை.

“டேய், தப்பு என் மேலதான்டா. நீ இல்லாம வீடு வீடாவே இல்லை. மன்னிச்சிடுடா.”

வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நிமிஷத்துக்குள் பேசி முடித்திருந்தார். அதற்குள் குரல் உடைந்துவிட்டது. சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“ஒரு பெரிய மூட்டையை இறக்கி வெச்ச மாதிரி இருக்கு. கிளம்பு, ரெண்டு பேரும் போவோம்.”

“நீங்க போயிட்டு வாங்க. எனக்கு வேலை இருக்கு.”

“அவன்கிட்டச் சொல்லத்தான் போறேன். ஊருக்கெல்லாம் நான் பிரசங்கம் பண்றேன், தூய இருதயம் உன் அண்ணிக்குத்தான்டான்னு!”

“என்னைப் பத்தி அங்கே ஒண்ணும் பேசாதீங்க.”

“உடனே தன்னடக்கம்!” என்று செல்லமாக அதட்டிவிட்டு, பள்ளிக்கூடம் விட்ட பையனைப் போலப் படிகளில் தடதடவென்று இறங்கிப் போனார். தெருமுனை திரும்பும் வரை அவருடைய சீட்டிச் சத்தம் கேட்டது.

துணிகளெல்லாம் மடித்தாகிவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

சம்பந்தி வீட்டார் முன்பு பட்ட அவமானம் ஆறாத அந்த நாட்களில், ஆபரேஷன் முடிந்த மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த கொழுந்தனை வார்டுக்கு வெளியே மறித்து, “அண்ணன் உங்க முகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டார்” என்று தானாகவே சொல்லித் திருப்பி அனுப்பியவள் அவள்தான். அதன் பிறகும் அவன் தினமும் வந்து கீழே வரவேற்பறையில் உட்கார்ந்திருந்து, அண்ணன் சாப்பிட்டாரா என்று மட்டும் நர்ஸிடம் விசாரித்துவிட்டுப் போனதும் அவளுக்குத் தெரியும்.